தரை பிடிபட்ட கோடை

லெஸ்யா பொடுல்ஸ்கி பென்ஹார்ட் என்ற தப்பான ஊரில் போய் விமானத்தை இறக்கிவிட்டாள் என்ற செய்தி, அவள் வீடு வந்து சேருவதற்குள் டன்ப்ரே முழுக்கப் பரவியிருந்தது. ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. மறுநாள் காலை பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பஸ்ஸுக்கு டீசல் போடக் கூட்டுறவுக் கடை பங்க்குக்குப் போனாள். உள்ளே காபி மேசையைச் சுற்றி வழக்கமான ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். லார்ன் ஹாகன் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"லெஸ்யா, என் பேத்திங்க ரெண்டு பேரையும் இன்னிக்கு எந்த ஊரு ஸ்கூல்ல விட்டுட்டு வந்த?"

"பென்ஹார்ட் ஸ்கூலு நல்ல ஸ்கூலாம், லார்ன். ஒண்ணும் கவலப்படாத," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

மேசையே குலுங்கியது. லெஸ்யாவும் சிரித்தாள். "அவங்கள சரியான எடத்துலதான் விட்டேன். சாயங்காலம் உன் வீட்டு வாசல்ல எறக்கறதா, ஒரு மைல் முன்னாடியே எறக்கி நடக்க விடறதான்னுதான் யோசிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு ரசீதை வாங்கிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவள் முகம் சுண்டிப்போனது.

வேறு யாரையாவது வழி தெரியாதவள் என்று கேலி செய்திருந்தால் பரவாயில்லை. லெஸ்யா இருபத்து நான்கு வருடங்களாக ஏழாம் எண் பள்ளி பஸ்ஸை ஓட்டுகிறாள். காலையில் ஐம்பத்தெட்டு மைல், மாலையில் ஐம்பத்தெட்டு மைல். பெரும்பாலும் சரளைக்கல் ரோடு. ஜனவரியில் பனிக்காற்று அடித்து வண்டியின் மூக்கே தெரியாத நாட்களில்கூட, எந்த வேலிக்கம்பம் தாண்டினால் எந்த வீட்டுத் திருப்பம் வரும் என்று அவளுக்குத் தெரியும். சஸ்காச்சுவான் மாகாணத்தின் அந்த மூலையில் அவள் போகாத ரோடு கிடையாது. அப்படிப்பட்டவள் ஆகாயத்தில் ஏறினால் கண்ணைக் கட்டி விட்டதுபோல் ஆகிவிட்டாள்.

விமானம் ஓட்டும் ஆசை அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே இருந்தது என்றெல்லாம் சொல்ல முடியாது. ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அவள் தங்கை ஒரு பரிசுச்சீட்டு அனுப்பினாள். டன்ப்ரே விமானக் கழகத்தில் அரைமணி நேரம் மேலே போய்வரலாம். போய்விட்டு இறங்கியவள் கார்ச் சாவியைக்கூட எடுக்காமல் நேரே அலுவலகத்துக்குள் நுழைந்து, பயிற்சிக்கான படிவத்தை வாங்கி நின்றபடியே நிரப்பினாள். அவள் கணவன் ஓரெஸ்ட் அறுவடை இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவன். தரையை விட்டு நாலு அடி ஏணியில் ஏறினாலே கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பவன். அன்றைக்கு அவன் "ஹெல்மெட்டெல்லாம் தருவாங்களா?" என்று மட்டும் கேட்டான்.

விமானத்தை ஏற்றுவது, இறக்குவது, காற்றுக்கு ஏற்பச் சாய்ப்பது எல்லாம் லெஸ்யாவுக்குச் சீக்கிரமே கைவந்தது. நாற்பது பிள்ளைகள் பின்னால் கத்திக்கொண்டிருக்க ஐஸ் ரோட்டில் பஸ்ஸைப் பிடித்து நிறுத்திய கை அது. அடுத்த கட்டம்தான் தகராறாகிவிட்டது. மாணவர் தனியாக மூன்று ஊர்களைத் தொட்டு வர வேண்டும். டன்ப்ரேயிலிருந்து வடமேற்கே நாற்பத்தெட்டு மைலில் எல்ம்ஸ்லி, அங்கிருந்து காமினெட்ஸ், அங்கிருந்து திரும்ப டன்ப்ரே. வழிகாட்டும் திரை எதையும் பார்க்கக் கூடாது. மடியில் மேப், கையில் கடிகாரம், கீழே தரை. அவ்வளவுதான்.

ஜூன் மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை, பறக்கப் பறக்கப் பிசகும் திசைக் கருவியை அவ்வப்போது காம்பஸோடு ஒத்துப்பார்த்துத் திருத்த வேண்டும் என்பதை அவள் மறந்துபோனாள். காற்றும் பக்கவாட்டில் தள்ளியது. கீழே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. மைலுக்கு ஒரு ரோடாகக் கட்டம் கட்டமாகப் போட்ட பூமி. ஒரு கட்டம் மஞ்சள், ஒரு கட்டம் பச்சை, நடுவில் குட்டை. இதே ரோடுகளில் ஆயிரம் தடவை வண்டி ஓட்டியிருந்தும் ஒன்றும் பிடிபடவில்லை. அரைமணி நேரம் ஆனதும் ஓர் ஊர் தெரிந்தது. தானியக் கோபுரம் இருந்தது, ஹாக்கி அரங்கின் நீளக் கூரை இருந்தது, தண்டவாளம் இருந்தது. எல்ம்ஸ்லி என்று மனசு முடிவுகட்டிவிட்டது. மேப்பில் பொருந்தாததையெல்லாம் அவளே பொருத்திக்கொண்டு இறங்கினாள்.

பயிருக்கு மருந்தடிக்கும் விமானத்தில் குழாயைச் செருகிக்கொண்டிருந்த ஒருவன் நிமிர்ந்து பார்த்தான்.

"எல்ம்ஸ்லியா? இது பென்ஹார்ட்ங்க. நீங்க பதினேழு மைல் தள்ளி வந்துட்டீங்க."

டன்ப்ரேயில் ஓரெஸ்ட் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய காகிதத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். எத்தனை மணிக்கு எந்த ஊரிலிருந்து போன் வரும், வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அவளிடமிருந்து போன் வந்தபோது அவன் அந்த எண்ணைப் பாதி அழுத்தியிருந்தான். அவளுடைய பயிற்றுநர் ஷாண்டல் இன்னொருவர் ஓட்டிய விமானத்தில் பென்ஹார்ட் போய், அவள் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிவந்தாள். வீட்டில் ஓரெஸ்ட் ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

"போதும், லெஸ்யா."

அவளுக்கும் போதும் என்றுதான் இருந்தது. அந்த வியாழக்கிழமை கழகத்துக்குப் போய் ஷாண்டலிடம் அதைச் சொன்னாள். ஷாண்டலுக்கு இருபத்தாறு வயது. பக்கத்து மாகாணமான மனிடோபாவிலிருந்து வந்தவள். மேசைமேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தவள் காலைக் கீழே இறக்கினாள்.

"உங்களுக்கு ஓட்டத் தெரியும், லெஸ்யா. பாக்கத்தான் தெரியல. அது கத்துக்கிட்டா வந்துடும்."

"இருபத்து நாலு வருஷமா இந்த ஊரப் பாத்துட்டுதானே இருக்கேன்."

"பக்கவாட்டுல பாத்திருக்கீங்க. மேல இருந்து பாத்ததில்லயே. மணிக்கணக்கா விமானத்துல சுத்திப் பழகலாம், ஆனா அவ்வளவு நேரம் கெடைக்காது. வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கா?"

தன் கணினியைத் திருப்பிக் காட்டினாள். பறப்பதைத் திரையிலேயே பழகிக்கொள்ளும் சிமுலேட்டர். விளையாட்டு என்றுதான் லெஸ்யா நினைத்தாள். ஆனால் திரையில் இருந்தது டன்ப்ரே. செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கட்டிய தரை. ரயில் தண்டவாளம் ஊரைத் தொட்டு வளைந்து போவதும், கல்லறைத் தோட்டத்துக் கறுத்த மரங்களும் இருந்த இடத்தில் இருந்தன.

"ஓட்டிப் பழகறதுக்கு இல்ல இது. ஓட்டறது நீங்களே நல்லா ஓட்டறீங்க. பாக்கறதுக்கு மட்டும்," என்றாள் ஷாண்டல். "ஒரே ஒரு விஷயம். எல்லாத்தையும் நம்பிடாதீங்க. இது என்னிக்கோ எடுத்த படம். அதுல தெரியற மரம், கட்டடமெல்லாம் பாதி கம்ப்யூட்டர் குத்துமதிப்பா வெக்கறது."

ஜூலை முதல் வாரத்தில் ஓரெஸ்டுக்கு முழங்காலில் அறுவைசிகிச்சை நடந்தது. ஆறு வாரம் வேலைக்குப் போகக் கூடாது. பள்ளிக்கும் கோடை விடுமுறை. இருவரும் பகல் முழுக்க வீட்டில் இருந்தார்கள். பன்றிப்பண்ணை மேலாளர் ஒருவர் விற்ற பழைய கணினியும் ஒரு ஜாய்ஸ்டிக்கும் வந்து சேர்ந்தன. பேஸ்மென்ட்டில், பெரோகிக் கொழுக்கட்டையும் மான் இறைச்சியும் அடைத்து வைத்த ஃப்ரீஸருக்குப் பக்கத்தில், பெரிய டிவியை மாட்டினார்கள். ஓரெஸ்ட் சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, இதிலெல்லாம் தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல் பேஸ்பால் ஆட்டத்தை ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தான்.

முதல் நாள் டன்ப்ரேக்கு மேலே எழும்பியதுமே அவன் ரேடியோவை நிறுத்திவிட்டான்.

"அது என்ன, எட்டு மாடிக் கட்டடம்?"

லெஸ்யா எட்டிப் பார்த்தாள். தண்டவாளத்துக்கு ஓரமாக, கண்ணாடி ஜன்னல்களோடு நாலு அலுவலகக் கட்டடங்கள் நின்றன.

"லார்னோட தானியத் தொட்டிங்க இருக்கற எடம்டா அது! கம்ப்யூட்டரு அதப் பாத்து ஆபீஸுன்னு நெனச்சிடுச்சு."

ஓரெஸ்ட் கட்டுப்போட்ட காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "லார்ன் கிட்ட சொல்லாத. வாடகைக்கு விட்டுடுவாரு."

முதல் இரண்டு வாரம் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. எல்ம்ஸ்லி வழியைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் பதினைந்தாவது நிமிடத்தில் எங்கே இருக்கிறோம் என்பது கைநழுவிப் போனது. திரையில் என்பதால் உயிருக்குப் பயமில்லை, அவ்வளவுதான். ஒரு நாள் எரிச்சலில் வழியையெல்லாம் விட்டுவிட்டு, சும்மா தன் பஸ் பாதைக்கு மேலே பறந்து பார்ப்போம் என்று தோன்றியது. பள்ளிக்கூடத்துக் கூரையிலிருந்து தொடங்கினாள். கிழக்கே நாலு மைல். தெற்கே திரும்பி இரண்டு மைல். அங்கே காற்றுத் தடுப்புக்காக 'ட' வடிவத்தில் நட்ட மரவரிசை தெரிந்தது. அவளுக்குக் கை நின்றுவிட்டது.

"ஓரெஸ்ட், இது டெர்லெட்ஸ்கி வீடு."

"எப்படிச் சொல்ற?"

"அந்த மரத்துக்கு இந்தப் பக்கம்தான் அவங்க பையன் தெனமும் லேட்டா ஓடி வருவான். நான் ஹாரன் அடிச்சிட்டே நிப்பேன். இங்க பாரு, இங்கதான் நிப்பேன்!"

அன்று மாலை வரை அவள் எழுந்திருக்கவில்லை. ஹாகன் வீடு, சரளை தோண்டிய பள்ளம், மழைக்காலத்தில் பஸ் சிக்கிக்கொள்ளும் தாழ்வு, ரோடு திடீரென்று கொஞ்சம் பக்கவாட்டில் இடம் மாறித் தொடரும் அந்த வளைவு. ஒவ்வொன்றும் மேலிருந்து எப்படி இருக்கிறது என்று பார்த்தாள். பிறகு அந்த ஐம்பத்தெட்டு மைலின் விளிம்பிலிருந்து ஐந்து மைல் வெளியே போனாள். அடுத்த நாள் பத்து மைல். எங்கே போனாலும் தெரிந்த ரோட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு போனாள்.

ஓரெஸ்டுக்கும் அது தொற்றிக்கொண்டது. அவன் இயந்திரம் பழுதுபார்க்கப் போகாத பண்ணை அந்த வட்டாரத்தில் இல்லை. அவனே ஓர் ஆட்டத்தைக் கண்டுபிடித்தான். லெஸ்யாவை மேலே காபி எடுத்துவர அனுப்பிவிட்டு, நாற்பது மைல் சுற்றளவில் எங்காவது ஆகாயத்தில் விமானத்தைக் கொண்டுபோய் வைப்பான். அவள் வந்து உட்கார்ந்ததும் கேட்பான்.

"சொல்லு, எங்க இருக்க?"

மூன்று நிமிடத்துக்குள் சொல்லாவிட்டால் பாத்திரம் அவள் கழுவ வேண்டும். சொல்லிவிட்டால் அவன், கட்டுப்போட்ட காலோடு. முதல் வாரம் பாத்திரமெல்லாம் அவள் தலையில் விழுந்தது.

"ஊரப் பாத்து ஊரக் கண்டுபிடிக்காத," என்பான் ஓரெஸ்ட். "எல்லா ஊர்லயும் அரங்கம் இருக்கு, கோபுரம் இருக்கு. வேற என்ன இருக்குன்னு பாரு."

வேறு என்ன இருக்கிறது என்பதை ஒரு நாள் அவளே கண்டுபிடித்தாள். ஒவ்வோர் ஊருக்கும் வெளியே கழிவுநீரைத் தேக்கி வைக்கும் சதுரக் குளங்கள் இருக்கும். பென்ஹார்ட்டில் இரண்டு. எல்ம்ஸ்லியில் மூன்று, அதுவும் படிக்கட்டு போல ஒன்றுக்கொன்று தள்ளி.

"அடக் கடவுளே," என்றான் ஓரெஸ்ட். "அம்பத்திரண்டு வயசுல என் பொண்டாட்டி ஊர் ஊரா சாக்கடைய மனப்பாடம் பண்றா."

"நீ போய் பாத்திரத்தக் கழுவு. நான் கரெக்டா சொல்லிட்டேன்."

ஆகஸ்ட் கடைசியில் அவள் எல்ம்ஸ்லி வழியை மூன்று அடையாளங்களாகப் பிரித்து வைத்திருந்தாள். ஒன்பதாவது நிமிடம், ஆற்றுப் பள்ளத்தாக்கும் அதன்மேல் பாலமும். பதினேழாவது நிமிடம், இரட்டை ஏரி: ஒன்று வட்டம், இன்னொன்று ரப்பர் பூட்ஸ் மாதிரி நீண்டு வளைந்தது, இரண்டுக்கும் நடுவில் ஒரு ரோடு. இருபத்து மூன்றாவது நிமிடம், தண்டவாளம் நெடுஞ்சாலையைக் கடக்கும் இடத்தில் பச்சைக் குவிமாடம் வைத்த உக்ரேனியத் தேவாலயம். ஷாண்டல் அவளோடு ஒருமுறை வேறொரு வழியில் பறந்து சோதித்தாள். மேப்பைத் தட்டி, "முதல்ல கடிகாரம், அப்புறம் மேப், அப்புறம்தான் தரை. தரையைப் பாத்துட்டு மேப்ப வளைக்காதீங்க," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இறங்கியதும் பயிற்சிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை வானம் துடைத்து வைத்தது போலிருந்தது. ஓரெஸ்ட் அவளை விமானக் கழகத்தில் கொண்டுவந்து விட்டான். கைத்தடியை ஊன்றி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றான்.

"எல்ம்ஸ்லியில எறங்குனதும் போன் பண்ணு."

"பண்றேன்."

"எறங்கின உடனே. ரெஸ்ட்ரூமுக்குப் போறதுக்கு முன்னாடி."

"சரிடா, சரி."

ஷாண்டல் விமானத்தின் கதவைச் சாத்துமுன் குனிந்தாள். "சந்தேகமா இருந்தா திரும்பி வந்துடுங்க. கோச்சுக்க மாட்டேன். காபி போட்டுத் தரேன்."

"நீ போடற காபிக்குப் பயந்தே நான் போய்ச் சேந்துடுவேன்."

ஒன்பதரைக்கு மேலே எழும்பினாள். திசைக் கருவியை காம்பஸோடு ஒத்துப்பார்த்தாள். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் பார்த்தாள். அறுவடை முக்கால்வாசி முடிந்து வயல்களெல்லாம் வைக்கோல் நிறத்தில் கிடந்தன. பேஸ்மென்ட்டில் பார்த்த பச்சை எங்கேயும் இல்லை. ஆனாலும் ரோடுகள் அதே ரோடுகள். ஆற்றுப் பள்ளத்தாக்கு வந்தது, பாலம் வந்தது. கடிகாரம் ஒன்பதரை நிமிடம் காட்டியது. பென்சிலால் மேப்பில் ஒரு கோடு போட்டாள்.

பதினேழாவது நிமிடம் வந்தது. ஏரிகள் வரவில்லை.

வலப்பக்கம் எட்டிப் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள். வயல், வயல், ஓர் அறுவடை இயந்திரம் கிளப்பிய தூசி, வயல். பதினெட்டு. ஜூன் மாதத்து ஞாயிறு அப்படியே திரும்பி வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டது. ஓரெஸ்டின் முகம், லார்னின் தொப்பி, பென்ஹார்ட்டில் நிமிர்ந்து பார்த்த அந்த ஆள். வலப்பக்கம், ஐந்தாறு மைல் தள்ளி, தண்ணீர் பளபளத்தது. அதோ, அதுதான் ஏரி, காற்று என்னை இடப்பக்கம் தள்ளிவிட்டது என்று மனசு சொன்னது. அவளை அறியாமலே இறக்கை அந்தப் பக்கம் சாய்ந்தது.

சாய்ந்ததைப் பார்த்தவள் திடுக்கிட்டு நிமிர்த்தினாள். "இருடி," என்று வாய்விட்டே சொன்னாள். "இரு. கடிகாரம்."

கடிகாரம் பதினெட்டரை. திசைக் கருவியும் காம்பஸும் ஒன்றையே சொல்லின. பாலத்தைச் சரியான நேரத்தில், சரியான இடத்தில் தாண்டியிருக்கிறாள். ஒன்பது நிமிடத்தில் ஐந்தாறு மைல் தள்ளிப்போக இன்றைக்குக் காற்றே இல்லை. அப்படியென்றால் அவள் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறாள். இல்லாமல் போனது ஏரிதான்.

ஏரி எங்கே போகும்? அவள் ஒரு வட்டம் அடித்தாள். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பழகிய கண் தானாகவே ரோட்டைத் தேடியது. கீழே ஒரு சரளை ரோடு மைல் கணக்கில் அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் நேராக வந்தது. ஓரிடத்தில் மட்டும் இடப்பக்கம் வளைந்து, கொஞ்ச தூரம் போய், வலப்பக்கம் வளைந்து, மறுபடி நேரானது. சமதரையில், சுற்றிலும் வெறும் பொட்டல். இந்த ஊரில் யாரும் காரணமில்லாமல் ரோட்டை வளைக்க மாட்டார்கள். ஒன்றுமே இல்லாத இடத்தை இந்த ரோடு எதற்குச் சுற்றிப் போகிறது?

அப்போதுதான் அந்தப் பொட்டலைப் பார்த்தாள். அது வைக்கோல் நிறத்தில் இல்லை. வெளுத்து, உப்புப் பூத்து, சுண்ணாம்பு தெளித்தது போலிருந்தது. நீளமாக வந்து ஒரு முனையில் பாதம் மாதிரி வளைந்திருந்தது. ரப்பர் பூட்ஸ். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு வெள்ளை வட்டம், நடுவில் தட்டு அளவுக்குத் தண்ணீர், அதில் பத்துப் பதினைந்து வாத்து.

மே மாதத்திலிருந்து ஒழுங்காக மழையே இல்லை. அதை அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, கோடை முழுக்க பஸ் ரோடெல்லாம் தூசிதான். பேஸ்மென்ட்டில் அவள் மனப்பாடம் செய்தது ஏதோ ஒரு நல்ல மழை வருடத்துப் படம். இந்த வருடம் ஏரி வற்றிப்போய்விட்டது.

"வத்திப் போச்சு!" என்று அவள் கத்தினாள். கேட்க யாரும் இல்லாத ஆகாயத்தில் தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தாள். தோள்பட்டை இரண்டும் காதுவரை ஏறியிருந்ததை அப்போதுதான் உணர்ந்து கீழே இறக்கினாள். வட்டம் அடித்ததில் போன நேரத்தை மேப்பின் ஓரத்தில் குறித்துக்கொண்டு, பழைய திசைக்கு மூக்கைத் திருப்பினாள்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. தண்டவாளம் நெடுஞ்சாலையைக் கடந்தது. பச்சைக் குவிமாடத்தில் வெயில் பட்டுத் தெறித்தது. எல்ம்ஸ்லி வந்ததும் அவள் முதலில் பார்த்தது ஊரை அல்ல, ஊருக்கு வெளியே. மூன்று சதுரம், படிக்கட்டு போல. ரேடியோவில் தன் இடத்தைச் சொன்னாள். அங்கே கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது, பதில் சொல்ல யாரும் இல்லை. ஓடுபாதையில் சக்கரம் பட்டதே தெரியாமல் இறங்கினாள்.

புல் வெட்டும் டிராக்டரை ஓட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இன்ஜினை அணைத்துவிட்டு வந்தார். ஊர்ப் பெயர் எழுதிய பலகையின் முன்னால் ஒரு நடுவயதுப் பெண் அசையாமல் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து அவருக்கு என்னவோ போலிருந்திருக்க வேண்டும்.

"ஏதாவது வேணுமாம்மா?"

"இல்லீங்க. இது எல்ம்ஸ்லிதானே?"

"ஆமா, நான் பொறந்ததுலேர்ந்து."

"நல்லது," என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெரியவர் தர்மசங்கடத்தோடு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, உள்ளே காபி இருக்கிறது, பிஸ்கட்டும் இருக்கும் என்று சொல்லிவிட்டு டிராக்டருக்குப் போய்விட்டார்.

ஓரெஸ்ட் முதல் மணியிலேயே போனை எடுத்தான்.

"எங்க இருக்க?"

"எல்ம்ஸ்லி."

"நெஜமா?"

"போர்டுல எழுதியிருக்கு. தொட்டுப் பாத்துட்டேன். ஒரு ஆளையும் கேட்டுட்டேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி மட்டும் கேட்டது.

"நாலு நிமிஷம் லேட்டு," என்றான்.

"பூட்ஸ் ஏரி வத்திப் போச்சு, ஓரெஸ்ட். வெறும் உப்பு. ஒரு ரவுண்டு அடிச்சுதான் கண்டுபிடிச்சேன்."

"வத்திப்போச்சா? போன மாசம் அந்தப் பக்கம் ட்ரக் ஓட்டிட்டுப் போன டெர்லெட்ஸ்கி சொன்னானே... எனக்கு ஞாபகமே வரல பாரு. அடச்சே, சொல்லியிருக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான். "பயந்துட்டியா?"

"ரெண்டு நிமிஷம்."

"சரி. ஏதாவது சாப்டு. வெறும் வயித்தோட கெளம்பாத."

காமினெட்ஸுக்குப் போன வழி சுலபம். ரயில் பாதையைக் கண்ணிலிருந்து விடாமல் போனாலே போதும். அங்கே பத்து நிமிடம் நின்றாள், பெட்ரோல் போட்டாள், சுவரில் தொங்கிய வருகைப் பதிவேட்டில் பெயரை எழுதினாள். கடைசிக் கால்மணி நேரம் அவளுடைய பஸ் பாதைக்கு மேலேயே வந்தது. அதை அவள் மேப்பில்கூடப் பார்க்கவில்லை. டெர்லெட்ஸ்கி வீட்டு மரவரிசைக்கு மேலே வந்ததும் அவளுக்குக் கொட்டாவி வந்தது. காலையிலிருந்து இழுத்துப் பிடித்திருந்ததெல்லாம் தளர்ந்து, பசி தெரிந்தது.

டன்ப்ரேயில் இறங்கி இன்ஜினை அணைத்தபோது ஷாண்டல் ஓடிவந்து கதவைத் திறந்தாள். மேப்பை வாங்கி, ஓரத்தில் எழுதியிருந்த நேரங்களையும், ஏரியின்மேல் போட்டிருந்த பெருக்கல் குறியையும் பார்த்தாள்.

"இது என்ன?"

"அங்க ஏரி இல்ல. அடிச்சிட்டேன்."

"ஐயோ." ஷாண்டலின் முகம் மாறியது. "அதுக்கு நான்தான் காரணம். இங்க ஏரிய நம்பக்கூடாதுன்னு நான் முதல்லயே சொல்லியிருக்கணும். கட்டடத்தச் சொன்னேன், மரத்தச் சொன்னேன், அத விட்டுட்டேன்."

"பரவால்ல, ரோடு சொல்லிடுச்சு."

ஷாண்டலுக்கு அது புரியவில்லை. லெஸ்யா வளைவைப் பற்றிச் சொன்னாள். ஷாண்டல் மேப்பில் அந்த ரோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து, பயிற்சிப் புத்தகத்தில் அந்த நாளின் வரிசையில் கையெழுத்துப் போட்டாள். "இத நான் அடுத்த மாணவருக்குச் சொல்லிக் குடுக்கலாமா?" என்று கேட்டாள். லெஸ்யா தோளைக் குலுக்கினாள். தாராளமாகச் சொல்லிக்கொடு, ஆனால் என் ஜூன் மாதத்துக் கதையைச் சொல்லாதே என்றாள்.

ஓரெஸ்ட் வேலியருகே காலையில் நின்ற இடத்திலேயே நின்றிருந்தான். இடையில் வீட்டுக்குப் போய்வந்த மாதிரியே தெரியவில்லை. அவள் கிட்டே வந்ததும் கைத்தடியை வேலியில் சாய்த்துவிட்டு இரண்டு கையாலும் அவளைப் பிடித்துக்கொண்டான். அவன் சட்டை முதுகில் வியர்த்து நனைந்திருந்தது. அவளைவிட அவன்தான் களைத்துப் போயிருந்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

வீட்டுக்குப் போகும் வழியில் கூட்டுறவுக் கடை வாசலில் லார்ன் நின்றுகொண்டிருந்தார். ஓரெஸ்ட் ஹாரனை ஒரு முறை அடித்தான். ஜன்னலை இறக்கி, "மூணு ஊரும் சரியான ஊரு, லார்ன்!" என்று கத்தினான். லார்ன் தொப்பியைக் கழற்றிக் காட்டினார்.

வீட்டில் ஃப்ரீஸரிலிருந்து எடுத்துச் சூடாக்கிய கோஸ் இலைச் சுருள்களில் லெஸ்யா ஐந்தைச் சாப்பிட்டாள். பிறகு ஓரெஸ்டின் சாய்வு நாற்காலியில், சும்மா ஒரு நிமிடம் என்று உட்கார்ந்தவள், பகல் மூன்று மணி வெயில் பேஸ்மென்ட்டின் சின்ன ஜன்னல் வழியாக முகத்தில் விழுந்துகொண்டிருக்கும்போதே வாயைப் பிளந்துகொண்டு தூங்கிப்போனாள். ஓரெஸ்ட் கைத்தடியைக் கீழே வைத்துவிட்டு, கஷ்டப்பட்டு முழங்காலை மடக்கி உட்கார்ந்து, அவள் ஷூ கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான்.